டாட்காம் காலம்: நாய்த்தீனியைப் பார்த்துச் சிரித்தவர்கள் மாட்டிய இடம் பி2பி

#1 — நியூஜெர்சி_பழையவன்

டாட்காம் குமிழி, அதாவது இணையக் கம்பெனிப் பங்குகள் தாறுமாறாக ஏறி உடைந்த காலம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் இணையத்தில் நாய்த்தீனி விற்ற கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் அப்போதே சிரித்தவன்தான். 1999இல் நியூஜெர்சியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் உட்காருவோம், ஐந்து பேர் தமிழர்கள். பொம்மை விற்கிறவன், மளிகை விற்கிறவன், நாய்த்தீனி விற்கிறவன் பங்குகளை அந்த மேசையில் ஒருவர்கூடத் தொடவில்லை. ஒரு மூட்டைத் தீனியை வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட ஆகும் செலவை வைத்துக் கணக்குப் போட்டால் லாபம் எங்கே வரும் என்று நாங்களே பேசிக்கொள்வோம். அவ்வளவு விவரமானவர்கள்.

அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் சேமிப்பை விட்டது பி2பி பங்குகளில். அதாவது கம்பெனிக்குக் கம்பெனி இணையத்தில் வாங்கி விற்க மேடை போட்டுக் கொடுக்கும் நிறுவனங்கள். இந்தப் பகுதியைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்த இழை.

எங்கள் தர்க்கம் இதுதான். வீட்டுக்காரர் வாங்குவது சில்லறை. கார் கம்பெனி வாங்கும் எஃகு, மருந்துக் கம்பெனி வாங்கும் ரசாயனம், ஆஸ்பத்திரி வாங்கும் கையுறை, இவைதான் உண்மையான வியாபாரம். அதில் தொலைபேசியும் ஃபேக்ஸும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை இணையத்துக்கு மாற்றினால் போதும், நடுவில் இருப்பவனுக்கு ஒரு சதவீதம் கிடைத்தாலும் கொட்டும். 2000 ஜனவரியில் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கணிப்பு வெளியிட்டது: 2004இல் உலக அளவில் பி2பி இணைய வணிகம் 7.29 லட்சம் கோடி டாலரைத் தொடும் என்று. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சொல்லியிருந்ததைக் கவனியுங்கள். அந்த 29ஐப் பார்த்ததும் எங்களுக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. உத்தேசமாகச் சொல்கிறவன் ஏழு என்று நிறுத்தியிருப்பான் அல்லவா? நாப்கினில் ஒரு சதவீதம் போட்டுப் பார்த்தோம். வருடத்துக்கு 7,290 கோடி டாலர்.

அப்புறம் வாங்க ஆரம்பித்தோம்.

#2 — சும்மா_வாசகன்

2001இல் எங்கள் பக்கம் ஒரு ஜோக் உண்டு. பி2பி என்றால் பேக் டு பெங்களூர், பி2சி (கம்பெனி நேரே வீட்டுக்காரருக்கு விற்பது) என்றால் பேக் டு சென்னை. விசா காலாவதியானவர்களுக்கு மட்டும் சிரிப்பு வராது.

#3 — இளம்முதலீடு_26

அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பங்குச்சந்தைக்கு வந்தே நான்கு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் ஒரு கம்பெனியின் விற்பனை என்ன, லாபம் என்ன என்று பார்க்காமல் வாங்கமாட்டேன். நீங்கள் எட்டுப் பேரும் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். நாய்த்தீனிக்குப் போட்ட கணக்கை இதற்குப் போடவில்லையா? கண்ணை மூடிக்கொண்டா வாங்கினீர்கள்?

#4 — நியூஜெர்சி_பழையவன்

நியாயமான கேள்வி தம்பி. கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கினோம், அதுதான் வேதனை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு இந்தப் பங்குகளில் மூன்று ரகம் இருந்தன. முதல் ரகம் சந்தை நடத்துபவர்கள். பென்சில்வேனியாவின் வெர்ட்டிகல்நெட், கம்பெனிகளுக்காக இணையத்தில் கொள்முதல் ஏலம் நடத்திய பிட்ஸ்பர்க்கின் ஃப்ரீமார்க்கெட்ஸ், ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்ற கெம்டெக்ஸ் போன்றவை. இரண்டாவது, அந்தச் சந்தைகளைக் கட்ட மென்பொருள் விற்பவர்கள்: அரிபா, காமர்ஸ் ஒன். மூன்றாவது ரகம், மற்ற பி2பி கம்பெனிகளில் பங்கு வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி. அதில் பெரியது இன்டர்நெட் கேப்பிட்டல் குரூப், சுருக்கமாக ஐசிஜி.

ஐசிஜி கதை ஒன்றே போதும். 1999 ஆகஸ்டில் 12 டாலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். டிசம்பரில் ஒரு பங்கை இரண்டாக்கினார்கள், ஆகவே பழைய 12 இப்போது 6. அந்த மாதமே விலை 200 டாலரைத் தாண்டிவிட்டது. நாலரை மாதத்தில் முப்பது மடங்குக்கு மேல். உச்சத்தில் மொத்தச் சந்தை மதிப்பு 5,000 கோடி டாலருக்கு மேல். அவர்களிடம் இருந்தது என்ன? வெர்ட்டிகல்நெட்டில் ஒரு பெரிய பங்கு, அதோடு சந்தைக்கே வராத டஜன் கணக்கான குட்டிக் கம்பெனிகளில் துண்டு துண்டாகப் பங்குகள். அந்தக் குட்டிக் கம்பெனிகளின் மதிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றால், வெர்ட்டிகல்நெட் இவ்வளவு விற்கிறதே, அதே மாதிரி இதுவும் போகும் என்ற அனுமானத்தில். வெர்ட்டிகல்நெட் ஏன் அவ்வளவு விற்றது? ஐசிஜி போன்ற பெரியவர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்ற அனுமானத்தில். இந்தச் சுவருக்கு அந்தச் சுவர் முட்டு, அந்தச் சுவருக்கு இந்தச் சுவர் முட்டு.

ஃப்ரீமார்க்கெட்ஸ் 1999 டிசம்பர் 10 அன்று சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 48, அன்று மாலை முடிவு விலை 280. அந்த வருடம் முழுவதும் அதன் வருவாய் சுமார் 2 கோடி டாலர். நீ கேட்ட கணக்கை நாங்களும் போட்டோம், தம்பி. ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெளியே விட்டது 36 லட்சம் பங்குகள் மட்டுமே. கம்பெனியின் மொத்தப் பங்குகளில் அது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி நிறுவனர்கள், ஊழியர்கள், ஆரம்ப முதலீட்டாளர்கள் கையில். அவர்கள் ஆறு மாதம் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். எங்களைப் போன்ற லட்சம் பேர் அந்தப் பத்தில் ஒன்றைப் பிடிக்க முட்டிமோதினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அந்த விலையை எல்லாப் பங்குகளாலும் பெருக்கி, கம்பெனியின் மதிப்பு ஆயிரம் கோடி டாலர் என்று தொலைக்காட்சியில் எழுதிக் காட்டினார்கள். ஆறு மாதப் பூட்டு எப்போது திறக்கும் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தவர்கள் எங்கள் மேசையில் யாரும் இல்லை.

வருவாய் என்பதும் ஒரு வேடிக்கை. கெம்டெக்ஸ் தன் தளத்தின் வழியாக விற்ற ரசாயனத்தின் முழு விலையையும் தன் வருவாயாகவே கணக்கெழுதியது. நூறு டாலர் சரக்கை அனுப்பினால் அதில் பெரும்பகுதி சப்ளையருக்குப் போய்விடும், ஆனால் ஏட்டில் வருவாய் நூறு. இது அன்றைக்குச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். லாபமே இல்லாத உலகத்தில் வருவாயில் எத்தனை மடங்கு என்றுதான் விலை வைப்பார்கள் என்பதால், இப்படி எழுதுவதில் ஒரு லாபம் இருந்தது. 2000 பிப்ரவரியில் அந்தப் பங்கு 240 டாலரைத் தாண்டியது. அப்புறம் வென்ட்ரோ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே வருட டிசம்பரில் கெம்டெக்ஸ் சந்தையையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

வியாபாரம் செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். விலையெல்லாம் அப்போது பின்னத்தில் இருக்கும், பதினாறில் ஒன்று, பதினாறில் மூன்று என்று. இந்தப் பங்குகள் கைமாறிய நாஸ்டாக் பங்குச்சந்தைக்குத் தசமப் புள்ளி முழுதாக வந்தது 2001இல்தான். நாங்கள் வாங்கிய காரணங்கள் மூன்றுதான். பங்கைப் பிரிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் வாங்குவோம், பத்து ரூபாய் நோட்டுக்கு இரண்டு ஐந்து ரூபாய் கிடைப்பது யோகம் என்பது போல. பெரிய கம்பெனியோடு கூட்டு என்று செய்தி வந்தால் வாங்குவோம். 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெர்ட்டிகல்நெட்டில் 10 கோடி டாலர் போடுகிறது என்றார்கள், அன்று எங்கள் மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது காரணம், விலை இறங்கினால் வாங்குவோம். அவ்வளவுதான் நுட்பம்.

பிப்ரவரி கடைசியில் மெரில் லிஞ்ச் என்ற பெரிய தரகு நிறுவனம் பி2பி பங்குகளை மட்டும் ஒரு கூடையில் போட்டு, ஹோல்டர்ஸ் என்ற பெயரில் ஒரே பங்கு போல வர்த்தகமாக விட்டது. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் சிரமம்கூட இல்லை. நாஸ்டாக் குறியீட்டு எண்ணின் உச்சம் 2000 மார்ச் 10, முடிவு 5,048. கூடை வந்து சுமார் இரண்டு வாரம்.

இதில் நான் செய்த தப்பு மார்ஜின். கையில் நூறு இருந்தால் தரகர் நூறு கடன் கொடுப்பார், இருநூறுக்கு வாங்கலாம். நான் மட்டுமில்லை, நியூயார்க் பங்குச்சந்தை உறுப்பினர்களிடம் வாடிக்கையாளர்களின் மார்ஜின் கடன் அந்த மார்ச்சில் 27,800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு வாக்கில். அன்று ஒரே நாளில் நாஸ்டாக் 355 புள்ளி விழுந்தது. அந்த ஒரு வாரத்தில் கால்வாசி காலி. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், பதிலளிக்கும் கருவியில் தரகரிடமிருந்து செய்தி. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டு, இல்லையென்றால் நாங்களே விற்போம் என்று. தங்கைக் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். விற்கவிட்டிருக்க வேண்டும்.

#5 — வார்ப்படம்_கோவை

ஐயா, நீங்கள் எல்லோரும் பங்கு வாங்கியவர்கள். நான் அந்த ஏலத்தில் உட்கார்ந்தவன். இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

கோவையில் எங்களுடையது சின்ன ஃபவுண்டரி, இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை, கிரே அயர்ன் காஸ்டிங். 2001இல் வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவரிடமிருந்து அழைப்பு. பம்ப் உதிரிபாகங்கள், மொத்தம் நான்கு லாட், தலைகீழ் ஏலம். சாதாரண ஏலத்தில் விலை ஏறும். இதில் வாங்குபவர் ஒருவர், விற்பவர்கள் பலர், விலை இறங்கிக்கொண்டே வரும். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது, அவர்கள் போடும் விலை மட்டும் திரையில் தெரியும்.

அதற்கு முன்னால் இரண்டு மாத வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் கூரியரில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பேட்டர்ன் செலவு, கோர் செலவு, எடை, கழிவு, மெஷினிங் எல்லாம் போட்டு விலை கட்டினோம். நம் நேரம் இரவு ஏழரைக்கு ஏலம். அலுவலகத்தில் டயல்-அப் இணைப்பு, அது எப்போது அறும் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கடைக்காரரின் தொலைபேசி லைனையும் இழுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு வைத்தோம். அப்பா சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்தார்.

முதல் இருபது நிமிடம் யாரும் அசையவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. முடியும் நேரத்தில் ஒருவர் விலை போட்டால் ஏலம் தானாகவே சில நிமிடம் நீளும். அப்படி நீண்டு நீண்டு பத்து மணியாகிவிட்டது. நாங்கள் முதலில் போட்ட விலையிலிருந்து 22 சதவீதம் இறங்கியிருந்தோம். அதற்குக் கீழே போனால் கரி, மணல், கூலிக்கே காணாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்களே, அன்றைக்கு உழுவதற்கு முன்பே பார்த்துவிட்டோம். ஆனாலும் இரண்டு லாட்டில் எங்கள் விலைதான் அடிமட்டம். அப்பா எழுந்து கை கொடுத்தார்.

ஆர்டர் வரவில்லை. மிகக் குறைந்த விலைக்குத்தான் கொடுப்போம் என்று விதியில் எங்கும் இல்லை, அதை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது, ஏற்கெனவே அவர்களுக்குச் சப்ளை செய்தவரிடமே எங்கள் விலையைக் காட்டி அவரையே குறைக்க வைத்துவிட்டார்கள். எங்களை அழைத்தது வாங்குவதற்கு இல்லை, மிரட்டுவதற்கு.

அடுத்த வருடம் இன்னொரு அழைப்பு வந்தது. அப்பா வரைபடக் கட்டைப் பிரிக்கவே விடவில்லை. எனக்குப் பங்குச்சந்தை தெரியாது. ஆனால் விற்பவன் ஒருமுறை வந்து ஏமாந்தால் மறுபடி வரமாட்டான், விற்பவன் வராத சந்தையில் கமிஷன் எங்கிருந்து வரும்? இதை உங்கள் நியூஜெர்சி மேசையில் யாராவது கேட்டிருந்தால்…

#6 — இளம்முதலீடு_26

வார்ப்படம் சார், இந்த இழையிலேயே இதுதான் அருமையான பதிவு.

#7 — மாற்றுக்கருத்து

எல்லோரும் சேர்ந்து பி2பியைக் குழியில் போட்டு மண் தள்ளுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் இருபது வருடமாகக் கொள்முதல் மென்பொருளில்தான் வேலை பார்க்கிறேன். யோசனை தப்பில்லை. காலமும் விலையும்தான் தப்பு.

அலிபாபா தொடங்கியதே 1999இல், பி2பி தளமாகத்தான். நம்மூர் இந்தியாமார்ட் அதற்கும் முன்னால், 1996. அது 2019இல் 973 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அரிபாவை 2012இல் எஸ்ஏபி என்ற மென்பொருள் கம்பெனி 430 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அரசாங்கமே இன்று ஜெம் என்ற தன் இணையச் சந்தைத் தளத்தில்தான் கொள்முதல் செய்கிறது. இதெல்லாம் அன்றைக்குச் சொன்னவைதானே?

தோற்றது ஒரு குறிப்பிட்ட மாதிரி. யாரோ ஒரு மூன்றாம் ஆள் நடுவில் சந்தை போட்டு இரண்டு பக்கமும் சதவீதம் வாங்குவது. பெரிய கம்பெனிகள் அதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? 1999 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் காமர்ஸ் ஒன்னோடும், ஃபோர்டு ஆரக்கிளோடும் தனித்தனிச் சந்தை தொடங்குவதாக அறிவித்தன. 2000 பிப்ரவரி 25 அன்று இரண்டும் டைம்லர்கிரைஸ்லரையும் சேர்த்துக்கொண்டு ஒரே சந்தையாகப் போடுகிறோம் என்றன. அதுதான் கோவிசின்ட். அந்த அறிவிப்பைச் சந்தை கொண்டாடியது. உட்கார்ந்து யோசித்திருந்தால் அதுவே இந்தத் துறைக்குச் சாவு ஓலை என்று புரிந்திருக்கும். வாங்குபவனே சந்தையை நடத்த ஆரம்பித்துவிட்டால் நடுவில் உள்ளவனுக்கு என்ன வேலை? ஃப்ரீமார்க்கெட்ஸின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ், அதுவும் விலகியது.

கோவிசின்ட்டும் உருப்படவில்லை என்பது வேறு கதை. வார்ப்படம் சொன்ன அதே காரணம், உதிரிபாகம் செய்பவர்கள் உள்ளே வரத் தயங்கினார்கள். அதன் ஏலப் பிரிவு ஃப்ரீமார்க்கெட்ஸிடமே போனது, மீதியை 2004இல் காம்ப்யூவேர் வாங்கியது. போதாததற்கு, பெரிய கம்பெனிகளுக்குள் ஆர்டரும் இன்வாய்சும் மின்னணு முறையில் போக இடிஐ என்ற ஏற்பாடு பல வருடமாகவே இருந்தது. ஃபேக்ஸை மட்டும் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

ஆகவே ஐயா, பி2பி குமிழி என்று சொல்லாதீர்கள். பி2பி பங்குக் குமிழி என்று சொல்லுங்கள்.

#8 — நியூஜெர்சி_பழையவன்

மாற்றுக்கருத்து, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் உதாரணங்களையே பிரித்துப் பாருங்கள். அலிபாபாவின் பி2பிப் பிரிவு 2007இல் ஹாங்காங்கில் 13.50 ஹாங்காங் டாலருக்கு வெளியானது, முதல் நாளே கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறியது. 2012இல் தாய்க் கம்பெனி அதைத் திரும்ப வாங்கிச் சந்தையிலிருந்து எடுத்தது. என்ன விலைக்கு? அதே 13.50. நல்ல தொழில்தான், பங்கு வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது? ஃப்ரீமார்க்கெட்ஸையும் 2004இல் அரிபா வாங்கியது, சுமார் 49 கோடி டாலருக்கு. முதல் நாள் மதிப்பு ஆயிரம் கோடி என்றேன் அல்லவா?

நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான். ஏப்ரலில் விழுந்ததில் நான் போண்டியாகவில்லை. பாதி போனது, பாதி மிஞ்சியது. மிஞ்சியதையும் விட்டது இரண்டாவது சுற்றில். இரண்டாவது சுற்று ஒன்று இருந்ததையே பலர் மறந்துவிட்டார்கள். விலை வரைபடத்தில் பார்த்தால் மார்ச்சில் உச்சம், அப்புறம் நேராகச் சரிவு என்று ஒரு கோடு தெரியும். நாங்கள் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்தவர்கள், அங்கே மேடும் பள்ளமும் நிறைய.

2000 கோடையில் பண்டிதர்கள் புதுப் பாட்டு ஒன்று பாடினார்கள். சந்தை நடத்துபவர்கள் செத்துப்போவார்கள், உண்மைதான். ஆனால் யார் சந்தை நடத்தினாலும் மென்பொருள் வாங்கித்தானே ஆக வேண்டும்? சண்டையில் யார் ஜெயித்தால் என்ன, ஆயுதம் விற்பவனுக்கு இரண்டு பக்கமும் காசு. மாற்றுக்கருத்து இப்போது சொன்ன அதே விளக்கம், அப்போதே சொன்னார்கள், நாங்களும் மேசையில் தலையாட்டினோம். போன தடவை தோற்றது ஏன் என்று புரிந்துவிட்டது, இனி சரியான இடத்தில் நிற்கிறோம் என்ற தெம்பு. அரிபா ஆகஸ்ட் முடிவில் மறுபடியும் 150 டாலருக்கு மேல் நின்றது. பாதி நாஸ்டாக் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தபோது!

ஒன்றை யோசிக்கவில்லை. ஆயுதம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யார்? முதலீட்டாளர் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே புதுச் சந்தைகள்தான் அதில் ஒரு பகுதி. அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் கையை மூடியதும் ஆர்டரும் நின்றது. மீதிப் பெரிய கம்பெனிகளும் 2001இல் செலவைச் சுருக்கிவிட்டன. அடுத்த ஏப்ரலில் அரிபா ஒற்றை இலக்கத்தில்.

நடுவில் 2001 ஜனவரி 3. அமெரிக்க மத்திய வங்கி திடீரென்று வட்டியை அரை சதவீதம் குறைத்தது. ஒரே நாளில் நாஸ்டாக் 14 சதவீதம் ஏறியது. அதற்கு முன் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. நான் அன்றைக்குத்தான் கடைசியாக வாங்கினேன். பெயர்களைக் கேட்காதீர்கள், தப்பு அந்தக் கம்பெனிகள் மேல் இல்லை. 2002 அக்டோபரில் நாஸ்டாக் 1,114க்கு வந்தபோது என் கணக்கில் இருந்தது ஒரு பழைய கார் வாங்கக் காணும்.

ஐ2 ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? டல்லாஸ் மென்பொருள் கம்பெனி, பெங்களூரிலும் பெரிய அலுவலகம், நம் ஆட்கள் ஏராளம். உச்சத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, மார்ச் 13, ஆஸ்பெக்ட் டெவலப்மென்ட் என்ற கம்பெனியை 930 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. முழுக்கப் பங்கிலேயே. காசாகக் கொடுத்திருந்தால் யோசித்திருப்பார்கள். 2001இல் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் நட்டம் எழுதினார்கள், பெரும்பகுதி அந்தக் கொள்முதல் மதிப்பைத் தள்ளுபடி செய்தது.

#9 — கணக்குப்பிள்ளை

கலிஃபோர்னியாவில் வரிக் கணக்கு பார்ப்பவன். பங்கு வாங்கி நட்டப்பட்டவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலை செய்த கம்பெனியே கொடுத்த பங்கில் கடன்காரரானவர்கள் என்னிடம் வரிசையில் நின்றார்கள்.

ஊழியர்களுக்கு ஸ்டாக் ஆப்ஷன் கொடுப்பார்கள், சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை, ஒரு டாலருக்கு ஒரு பங்கு என்று. உதாரணத்துக்கு 10,000 பங்கு. சந்தை விலை 100 ஆனதும் 10,000 டாலர் கட்டிப் பங்கை எடுத்துக்கொண்டீர்கள், விற்கவில்லை. ஒரு வருடம் வைத்திருந்தால் வரி குறையும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் மாற்றுக் குறைந்தபட்ச வரி என்று ஒன்று உண்டு. அதன் கணக்கில், நீங்கள் விற்காவிட்டாலும் அந்த 9,90,000 டாலர் உங்கள் வருமானம். 28 சதவீதம் வரி என்றால் இரண்டே முக்கால் லட்சம் டாலர் சுமார். அதே வருடம் டிசம்பர் 31க்குள் விற்றிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. விற்காமல் 2001 ஏப்ரலுக்கு வந்தால், பங்கு 4 டாலர். மொத்தத்தையும் விற்றால் 40,000. வரியோ 2,77,000.

கொடுமை என்னவென்றால், அந்த மாற்று வரிக் கணக்கில் 100இலிருந்து 4க்கு வந்த நட்டத்தைச் சம்பளத்துக்கு எதிராக வருடத்துக்கு 3,000 டாலர்தான் கழிக்க முடியும். ஒருவரிடம் கணக்குப் போட்டுச் சொன்னேன், உங்கள் நட்டம் முழுதும் கழிய இருநூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று. அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அதற்குள் வேலையும் போயிருந்தது, விசாவும் வேலையோடு கட்டப்பட்டது. வீட்டை விற்றுக் கட்டினார்கள். நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை இளக்கியது 2006இலும் 2008இலும்தான், அவர்கள் ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து.

#10 — இளம்முதலீடு_26

கணக்குப்பிள்ளை சார், படிக்கவே பயமாக இருக்கிறது. வாங்கு வாங்கு என்று சொன்ன ஆய்வாளர்களை யாரும் கேட்கவில்லையா?

#11 — கணக்குப்பிள்ளை

கேட்டார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் 2002 ஏப்ரலில் மெரில் லிஞ்ச் ஆய்வாளர்களின் உள் மின்னஞ்சல்களை வெளியிட்டார். வெளியே வாங்கலாம் என்று பரிந்துரை, உள்ளே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதில் இது தேறாது என்ற பேச்சு. பழையவன் சொன்ன ஐசிஜியும் அந்தப் பட்டியலில் உண்டு. மெரில் தப்பை ஒப்புக்கொள்ளாமலே 10 கோடி டாலர் கட்டி முடித்தது.

சிறைக்குப் போனவரும் உண்டு. லாஸ் வேகஸின் பர்ச்சேஸ்புரோ என்ற பி2பி நிறுவனத்தின் தலைவர், 2001 முதல் காலாண்டு வருவாயை ஊதிக் காட்டிய வழக்கில் 2008இல் ஒன்பது வருடத் தண்டனை பெற்றார். அதில் கூட்டாளியான இணையச் சேவை நிறுவனம் ஏஓஎல்லும் 2004இல் 21 கோடி டாலர் கட்டி ஏற்பாடு செய்துகொண்டது. ஆனால் இதெல்லாம் ஓரம். பணத்தின் பெரும்பகுதி யாரும் ஏமாற்றாமலே போனது.

#12 — சும்மா_வாசகன்

காமர்ஸ் ஒன் 2004இல் திவாலானபோது விலைபோனது அதன் காப்புரிமைகள்தான், 1.55 கோடி டாலருக்கு. பழையவன் சார், நாப்கின் இன்னும் இருக்கிறதா? ஏலத்தில் போடலாம். தலைகீழ் ஏலம்.

#13 — நியூஜெர்சி_பழையவன்

நாப்கின் இல்லை. தங்கைக் கல்யாணம் நடந்தது, அப்பா நிலத்தை அடகு வைத்தார். எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தளத்துக்கு அவள் வருவதில்லை.

வார்ப்படம், ஒரு சந்தேகம். இப்போது வெளிநாட்டு ஆர்டருக்கெல்லாம் எப்படி இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள்?

#14 — வார்ப்படம்_கோவை

அரிபா வழியாகத்தான் ஐயா. பார்ட்டி அதைத்தான் கேட்கிறார். பையன் பார்த்துக்கொள்கிறான். ஒரு அளவுக்கு மேல் வியாபாரம் போனால் விற்பவர்கள் நாங்கள் அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும்.

#15 — நியூஜெர்சி_பழையவன்

எத்தனை சதவீதம்?

#16 — வார்ப்படம்_கோவை

பையனைக் கேட்டேன். ஒரு சதவீதமெல்லாம் இல்லையாம். அதில் ஒரு சின்னத் துண்டுதான்.